மூஞ்சி காட்டாம பின்ட்ரஸ்ட், இன்ஸ்டால அஃபிலியேட் வருமானம்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கேமரா முன்னாடி நிக்க கூச்சமா இருக்கு, வீட்ல தெரிஞ்சா திட்டு விழும், ஆபீஸ்ல எவனாவது பாத்துட்டான்னா ஒரு மாசத்துக்கு கிண்டல் பண்ணுவான், ஆனா சைடுல கொஞ்சம் காசு வந்தா நல்லா இருக்குமேன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது. உங்க மூஞ்சி, உங்க பேரு, உங்க குரல் எதுவுமே இல்லாம ஒரு பேஜ் நடத்தி அதுல இருந்து கமிஷன் எடுக்க முடியும், அது உண்மைதான். ஆனா படுத்துக்கிட்டே காசு வரும், ஏஐ எல்லாத்தையும் பாத்துக்கும்னு ரீல்ஸ்ல சொல்றாங்க பாருங்க, அதை நம்பி மட்டும் இறங்காதீங்க.

விஷயம் சிம்பிள். நீங்க எதையும் தயாரிக்கல, ஸ்டாக் வைக்கல, பார்சல் கட்டல. கடையில ஏற்கனவே இருக்கிற பொருள்ல நல்லதா பாத்து எடுத்து, படமா போட்டு, உங்க லிங்க்க குடுக்குறீங்க. அந்த லிங்க் வழியா போய் யாராவது வாங்கினா கடைக்காரன் உங்களுக்கு ஒரு சின்ன பங்கு தர்றான், வாங்குறவங்களுக்கு விலை ஏறாது. இதுக்குப் பேருதான் அஃபிலியேட். இதுல எல்லாரும் சறுக்குற இடம் அந்த "நல்லதா பாத்து எடுத்து"ங்கிறதுலதான். அமேசான்ல ஒரு கிச்சன் ஸ்டாண்டு தேடிப் பாருங்க, பக்கம் பக்கமா வரும், எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், எல்லாத்துக்கும் நாலு ஸ்டார் இருக்கும், வாங்க வந்தவங்க தலையப் பிச்சுக்கிட்டு போனை கீழ வச்சிடுவாங்க. அதுல இருந்து மூணை எடுத்து இது குக்கர் வெயிட்ட தாங்கும், இது தாங்காது, இதை சிங்க் பக்கத்துல வச்சா துரு புடிக்கும்னு சொன்னீங்கன்னா உங்களுக்கு அங்க வேலை இருக்கு. சும்மா பத்து பொருள் படத்தை ஒட்டி "மஸ்ட் ஹேவ்"னு எழுதினா ஏற்கனவே அதை பண்ற ஆயிரம் பேர்ல நீங்க ஆயிரத்து ஒண்ணு, அவ்ளோதான்.

எதைப் பத்தி போடுறதுன்னு முடிவு பண்ணுங்க

"ஹோம் டெக்கர்", "ஃபேஷன்", "கேட்ஜெட்ஸ்" இதெல்லாம் தலைப்பே இல்ல, அது பாட்டுக்கு ஒரு கடல். யாருக்கோ இருக்கிற ஒரு குறிப்பான தொல்லையை புடிங்க. நான் எப்பவும் சொல்ற உதாரணம் வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் செவுத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாரு, அடிச்சா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல புடிப்பாரு, இது சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு எங்க போனாலும் உள்ளதுதான். அப்ப "ஆணி அடிக்காம வீட்டை அடுக்கி வைக்கிறது எப்படி"ன்னு ஒரு பேஜ். கதவுல மாட்டுற ஹூக், ஒட்டுற ஹூக், ரெண்டு செவுத்துக்கு நடுவுல இறுக்கி நிக்கிற ராடு, ஃப்ரிட்ஜ் பக்கவாட்டுல ஒட்டுற காந்த ஸ்டாண்டு, மடக்கி வைக்கிற ரேக், பால்கனி கம்பியில தொங்குற தொட்டி, இதுக்கே ஒரு வருஷத்துக்கு மேல போடலாம்.

இந்த தலைப்பு ஏன் புடிக்கும்னா இதுல சொல்றதுக்கு விஷயம் இருக்கு. ஒட்டுற ஹூக் டைல்ஸ்ல, கண்ணாடியில, ஸ்டீல்ல நல்லா நிக்கும், டிஸ்டெம்பர் அடிச்ச செவுத்துல ஒட்டினா பெயின்ட்டோட உரிஞ்சு வரும், ஓனர் கண்ணுல அது ஆணியவிட மோசமா படும். அடுப்புக்கு மேல ஒட்டினா தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்குல கொஞ்ச நாள்ல கழண்டுக்கும். ஒட்டின உடனே பொருள மாட்டக்கூடாது, ஒரு நாள் விடணும். கதவு ஹூக் வாங்குறதுக்கு முன்னாடி கதவோட தடிமனை அளக்கணும், இல்லைன்னா மாட்டின அப்புறம் கதவு சாத்தாது. இறுக்குற ராடுக்கு ரெண்டு பக்கமும் கெட்டியான செவுரு வேணும், பிளைவுட் கப்போர்டுக்கு நடுவுல வச்சு மாவு டப்பாவ தொங்கவிட்டா கதை முடிஞ்சது. பாருங்க, இதுல ஒவ்வொரு வரியும் ஒரு போஸ்ட்டு. உங்க தலைப்புல இந்த மாதிரி ஒரு இருபது வரி உங்களால உக்காந்து எழுத முடியலைன்னா அந்த தலைப்ப விட்டுடுங்க, வேற பாருங்க. கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க ரயில்ல போறது, ஹாஸ்டலுக்கு புதுசா போற பசங்க, மாடித்தோட்டம், கொலு வைக்கிறவங்க, உங்க வாழ்க்கையில எது இருக்கோ அதுல இருந்து எடுக்கிறதுதான் ஈஸி.

மருந்து, வெயிட் குறைக்கிற பவுடர், குழந்தைக்கு குடுக்கிற சாப்பாட்டு ஐட்டம், முதலீட்டு ஆப் இந்தப் பக்கம் புதுசா வர்றவங்க போகவே வேணாம். கமிஷன் ஆசை காட்டும், ஆனா தப்பா ஒண்ணு சொல்லிட்டா அடுத்தவங்க உடம்பும் காசும் போகும்.

பின்ட்ரஸ்ட்டா இன்ஸ்டாவா

ரெண்டும் படம்தான், ஆனா வேலை செய்யிற விதம் வேற. பின்ட்ரஸ்ட்ட சோசியல் மீடியான்னு சொல்றாங்களே தவிர அது படம் போட்ட தேடுபொறி மாதிரி. அங்க வர்றவங்க "ஸ்மால் இண்டியன் கிச்சன்"னு தேடிக்கிட்டு வர்றாங்க, உங்களுக்கு ஃபாலோவர் பத்து பேர் இருந்தாலும் பின் (அங்க போடுற படத்துக்கு அதுதான் பேரு) நல்லா இருந்தா காட்டும், இன்னைக்கு போட்டது ஆறு மாசம் கழிச்சும் க்ளிக் கொண்டுவரும். இன்ஸ்டால ஒரு போஸ்ட்டோட உயிர் ரெண்டு மூணு நாள், ஆனா நம்ம ஊரு ஜனம் பூரா அங்கதான் இருக்கு. மூஞ்சி காட்டாம ஆரம்பிக்கிறவங்க பின்ட்ரஸ்ட்ல முதல்ல கால வைங்க, அதே படத்தை மாத்தி இன்ஸ்டால கேரசலா, அதாவது தள்ளித் தள்ளி பாக்குற பல பட போஸ்ட்டா போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். டிக்டாக்க பத்தி வெளிநாட்டு வீடியோல நிறைய சொல்லுவாங்க, 2020 ஜூன்ல இருந்து இந்தியால அது தடை, அந்தப் பகுதிய தள்ளிட்டு பாருங்க.

பின்ட்ரஸ்ட் 2015 பிப்ரவரில அஃபிலியேட் லிங்க்கையே மொத்தமா தூக்கிட்டாங்க, ஸ்பேம் தாங்கலைன்னு. அடுத்த வருஷம் திரும்ப விட்டாங்க. இதை ஏன் சொல்றேன்னா, அவங்க இடம், அவங்க ரூலு, எப்ப வேணா மாறும். அதனாலதான் கீழ ஒரு சொந்தப் பக்கம் வச்சுக்கோங்கன்னு சொல்லப்போறேன்.

அக்கவுண்ட் போடுறது

பின்ட்ரஸ்ட்ல பிசினஸ் அக்கவுண்ட் ஃப்ரீ, அதையே எடுங்க, அப்பதான் எத்தனை பேர் லிங்க்க அழுத்தினாங்கன்னு கணக்கு தெரியும். பேரு உங்க பேரா இருக்க வேணாம், தலைப்பு தெரியிற மாதிரி ஒரு பேரு. புது மெயில் ஐடி ஒண்ணு இதுக்குன்னே வச்சுக்கோங்க, இன்ஸ்டால காண்டாக்ட் சிங்க்க ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா முதல் நாளே உங்க மாமா பையனுக்கு "இவங்கள உங்களுக்கு தெரிஞ்சிருக்கலாம்"னு காட்டிக் குடுத்துடும். ஊருக்கு முகம் தெரியாதே தவிர கமிஷன் தர்ற கம்பெனிக்கு உங்க சொந்தப் பேரு, பான், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் குடுத்துத்தான் ஆகணும், அங்க பொய் பேரு வேலைக்கு ஆகாது.

போர்டு, அதாவது பின்ன வகை பிரிச்சு வைக்கிற ஃபோல்டர், ஒரு அஞ்சு ஆறு போதும். "வாடகை வீட்டு கிச்சன்", "ஆணி இல்லாம பாத்ரூம்", "சின்ன பால்கனி" அப்படி. போர்டு பேரும் தேடுறவங்க டைப் பண்ற வார்த்தையா இருக்கணும். தமிழ்நாட்டுல இருக்கிறவங்களே பின்ட்ரஸ்ட்ல பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் தேடுறாங்க, அதனால தலைப்பு இங்கிலீஷ்ல வச்சு, படத்துக்குள்ள தமிழ் எழுத்து போடலாம். ஆனா அதுல "இண்டியன்", "ரென்டட் ஹவுஸ்" மாதிரி வார்த்தை கண்டிப்பா சேருங்க. காரணம், பின்ட்ரஸ்ட்ல அமெரிக்கா கூட்டம் ரொம்ப ஜாஸ்தி, உங்க பின் அங்க போய் ஆயிரம் க்ளிக் வாங்கினாலும் அவங்க இந்திய அமேசான்ல வாங்கப்போறது இல்ல, உங்களுக்கு ஒரு பைசா தேறாது. என்ன வார்த்தைன்னு தெரியலைன்னா தேடுற பெட்டியில "ஸ்மால் கிச்சன்"னு அடிச்சிட்டு நிறுத்துங்க, அதுவே கீழ காட்டும், ஜனங்க என்ன தேடுறாங்கங்கிறது அதுதான்.

லிங்க் எங்க வாங்குறது

நம்ம ஊருக்கு முதல்ல அமேசான் அசோசியேட்ஸ், அதாவது அமேசானோட அஃபிலியேட் திட்டம், அது போதும். இது தவிர குவேலிங்க்ஸ், ஏர்ன்கரோ மாதிரி இடைத்தரகர் நெட்வொர்க் இருக்கு, ஒரே இடத்துல பல கடை லிங்க் கிடைக்கும், அதை ரெண்டாவதா பாத்துக்கலாம்.

அமேசான்ல சேரும்போது ஒரு விஷயம் பலபேருக்கு தெரியாது. சேர்ந்த நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள 3 விற்பனை உங்க லிங்க் வழியா நடக்கணும், இல்லைன்னா அக்கவுண்ட்ட மூடிடுவாங்க. அதனால ஒரு பின் கூட போடாம முதல் நாளே போய் சேராதீங்க, கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். முதல்ல கூகுளோட ப்ளாகர்ல காசில்லாம ஒரு பக்கம் ஆரம்பிங்க, அதுல உங்க தலைப்புல பத்து பதிவாவது எழுதுங்க, பின்ல இருந்து அந்த பதிவுக்கு லிங்க் குடுங்க, ஆள் வர ஆரம்பிச்ச அப்புறம் அமேசான்ல அப்ளை பண்ணி அந்த பதிவுக்குள்ள லிங்க்க சேருங்க. இதுல இன்னொரு வசதி, நாளைக்கு அந்த பொருள் ஸ்டாக் இல்லைன்னா பதிவுல மட்டும் மாத்தினா போதும், பழைய பின் எல்லாம் அப்படியே உயிரோட இருக்கும். நேரா பின்லயே அமேசான் லிங்க் போடுறதும் தப்பு இல்ல, ஆனா அந்த பின்ட்ரஸ்ட், இன்ஸ்டா பக்கங்கள அசோசியேட்ஸ் அக்கவுண்ட்ல பதிஞ்சிருக்கணும், சுருக்கின குட்டி லிங்க் போடாம முழு லிங்க்கா போடணும், சுருக்குன லிங்க்க பாத்தா பின்ட்ரஸ்ட் ஸ்பேம்னு சந்தேகப்படும்.

அப்புறம் அந்த மூணு விற்பனைக்காக அக்காகிட்ட சொல்லி ஒண்ணு, சித்திகிட்ட சொல்லி ஒண்ணு, நம்மளே ஒண்ணுன்னு கணக்கு போடாதீங்க. நம்ம ஊர்ல எல்லாருக்கும் முதல்ல தோணுற ஐடியா இதுதான், அமேசானுக்கும் அது தெரியும். சொந்தமா வாங்குறதும், சொந்தக்காரங்கள வாங்கச் சொல்றதும் விதிப்படி கூடாது, புடிச்சா கமிஷனும் போச்சு அக்கவுண்ட்டும் போச்சு.

பின்ட்ரஸ்ட்டுக்கு ஒண்ணு, இன்ஸ்டாவுக்கு ஒண்ணுன்னு தனித்தனி ட்ராக்கிங் ஐடி போட்டுக்கோங்க, அசோசியேட்ஸ் உள்ளயே அந்த வசதி இருக்கு. எந்தப் பக்கம் காசு வருதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் உழைக்கிறதுல அர்த்தம் இல்ல.

படம் எங்க இருந்து வரும்

இங்கதான் முக்காவாசி பேர் மாட்டுறாங்க. அமேசான் பக்கத்துல இருக்கிற பொருள் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கேன்வாங்கிற டிசைன் ஆப்ல ஒட்டி போடுறது, அது கூடாது. அங்க இருக்கிற ரிவ்யூவையும் ஸ்டார் எண்ணிக்கையையும் காப்பி பண்ணி போடுறதும் கூடாது. அடுத்தவங்க ரீல்ஸ டவுன்லோடு பண்ணி நம்ம லிங்க்க போடுறது அதைவிட மோசம், அது திருட்டு. இன்ஸ்டாவும் 2024 ஏப்ரல்ல சொல்லிட்டாங்க, 30 நாள்ல 10 தடவையோ அதுக்கு மேலயோ அடுத்தவங்க சரக்க அப்படியே போடுற அக்கவுண்ட்ட புது ஆளுங்களுக்கு பரிந்துரைக்க மாட்டோம்னு.

அப்ப என்ன பண்றது? உங்க வீட்ல இருக்கிற பொருள்ல இருந்து ஆரம்பிங்க. உங்க கிச்சன், அக்கா வீட்டு கிச்சன், பக்கத்து வீட்டுல கேட்டு அவங்க பால்கனி. ஜன்னல் பக்கத்துல பகல் பதினோரு மணி வெளிச்சத்துல போன்ல எடுத்தா போதும், லைட்டு செட்டு ஒண்ணும் வேணாம், லென்ஸ மட்டும் துடைச்சுக்கோங்க. கை மட்டும் தெரியட்டும். முன்னாடி அலங்கோலமா இருந்த மேடை, அப்புறம் அடுக்கின மேடை, இந்த ரெண்டு படத்துக்கு இருக்கிற இழுப்பு வேற எதுக்கும் இல்ல. ஸ்டீல் பாத்திரம், கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவுல உங்க மூஞ்சி பிரதிபலிக்குதான்னு போடுறதுக்கு முன்னாடி பெருசாக்கி பாருங்க, அதே மாதிரி கேஸ் புக்கு, கூரியர் கவர்ல அட்ரஸ் தெரியுதான்னும் பாருங்க. இதுல கோட்டை விடுறவங்க ஜாஸ்தி.

பொருளே கையில இல்லைன்னா படம் வரையலாம். கேன்வா ஃப்ரீ பிளான்ல ஒரு கதவு படம், பக்கத்துல "உங்க கதவு தடிமன் இங்க அளங்க"ன்னு ஒரு அம்புக்குறி. எந்த செவுத்துக்கு எந்த ஹூக்குன்னு ஒரு சின்ன அட்டவணை. இந்த மாதிரி படத்தைத்தான் ஜனங்க சேவ் பண்ணி வச்சுக்கிறாங்க, பொருள் படத்தை இல்ல. ஏஐல கிச்சன் படம் போட்டு அதுக்கு ஒரு லிங்க் குடுக்கிறது இப்ப ஃபேஷன் ஆகிடுச்சு, அந்தப் படத்துல இருக்கிற ரேக்கும் வீட்டுக்கு வர்ற ரேக்கும் வேற வேறன்னா அது ஏமாத்துதான், திருப்பி அனுப்பிடுவாங்க, கமிஷனும் திரும்பிப் போயிடும். பின்ட்ரஸ்ட்டும் 2025ல இருந்து ஏஐ படத்துக்கு லேபிள் ஒட்டுது.

அளவு 1000க்கு 1500 பிக்சல், அதாவது ரெண்டுக்கு மூணு, நெட்டுக்குத்தா. எழுத்து போன்ல படிக்கிற அளவு பெருசா இருக்கணும், ஒரு படத்துல ஆறேழு வார்த்தைக்கு மேல வேணாம். விலைய படத்துல எழுதாதீங்க, அமேசான்ல விலை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, உங்க பின் ஒரு வருஷம் சுத்தும்.

ஒரு நாளைக்கு முப்பது பின் போடுங்கன்னு சொல்ற ஆளு பேச்ச கேக்காதீங்க, புது அக்கவுண்ட்ல அப்படி போட்டா ஸ்பேம்னு முடக்கிடுவாங்க. வாரத்துக்கு அஞ்சாறு, ஆனா நிறுத்தாம. பண்டிகைக்கு மட்டும் முன்கூட்டியே ஓடுங்க. நவராத்திரி செப்டம்பர், அக்டோபர்ல வருதுன்னா மடக்குற கொலுப்படி, சீரியல் லைட்டு பின் எல்லாம் ஜூலை கடைசியில இருந்தே போட ஆரம்பிக்கணும், மூணு படி, அஞ்சு படி, ஏழு படின்னு தனித்தனியா, எந்த படிக்கு எவ்ளோ இடம் அடைக்கும்னு அளவோட. கொலு அன்னைக்கு போட்டா அடுத்த வருஷத்துக்குத்தான் ஆகும்.

கமிஷன் வருதுன்னு சொல்லிடுங்க

மூஞ்சி மறைக்கலாம், கமிஷனை மறைக்கக்கூடாது. அமேசான் குடுத்திருக்கிற ஒரு வரி அறிவிப்பு இருக்கு, அதை பயோலயும் ப்ளாகர் பக்கத்துலயும் அப்படியே போடுங்க. அது தவிர ஒவ்வொரு போஸ்ட்லயும் "இது அஃபிலியேட் லிங்க், நீங்க வாங்கினா எனக்கு சின்ன கமிஷன் வரும்"னு, ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிக்காம, முதல் வரியிலயே. 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதுக்கு ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, எந்த மொழியில பேசுறீங்களோ அதே மொழியில அறிவிப்பும் இருக்கணும்னு அதுல இருக்கு, அதனால தமிழ் போஸ்ட்டுன்னா தமிழ்லயே எழுதுங்க. தப்பான விளம்பரம்னு ஆச்சுன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் 10 லட்சம் வரைக்கும், திரும்ப பண்ணினா 50 லட்சம் வரைக்கும். நம்ம குட்டி பேஜ தேடி வரமாட்டாங்கதான், ஆனா சொல்லிட்டா யாரும் ஓடிப்போறது இல்ல, நேர்மையா இருக்காங்கன்னு இன்னும் நாலு பேர் வாங்குவாங்க.

இன்ஸ்டால ஒரு சின்ன விஷயம், கேப்ஷன்ல போடுற லிங்க்க அழுத்த முடியாது. பயோல அஞ்சு லிங்க் வரைக்கும் வைக்கலாம், ஸ்டோரில லிங்க் ஸ்டிக்கர் போடலாம், அந்த ரெண்டு வழிதான். ஸ்டோரிய ஹைலைட்டா வச்சுட்டா அது 24 மணி நேரத்துல காணாம போகாது.

காசு எவ்ளோ, எப்ப வரும்

கமிஷன் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் வேற. போன் மாதிரி ஐட்டத்துக்கு ரொம்ப கம்மி, வீட்டு சாமானுக்கு கொஞ்சம் பரவாயில்ல, அசோசியேட்ஸ் பக்கத்துல அட்டவணை இருக்கு, அப்பப்ப மாத்துவாங்க. ஒரு பேச்சுக்கு 5%ன்னு வச்சுக்கிட்டா 300 ரூபா ஹூக்குல 15 ரூபா, 2,000 ரூபா ரேக்குல 100 ரூபா. லிங்க்க அழுத்தின நூறு பேர்ல ரெண்டு மூணு பேர் வாங்கினாலே நல்ல விஷயம். இப்ப நீங்களே பெருக்கிப் பாருங்க, மாசம் ஒரு லட்சம்னு சொல்றவங்க எவ்ளோ க்ளிக்க பத்தி பேசுறாங்கன்னு புரியும். முதல் நாலஞ்சு மாசம் போன் ரீசார்ஜ் காசு கூட வராம போகலாம்.

லிங்க்க அழுத்தினதுல இருந்து 24 மணி நேரம் உங்க கணக்கு. அதுக்குள்ள அவங்க கார்ட்ல சேர்த்துட்டாங்கன்னா ஆர்டர் கொஞ்ச நாள் கழிச்சு பண்ணாலும் உங்களுக்கு வரும். ஹூக் பாக்க வந்தவங்க மிக்ஸி வாங்கிட்டு போனாலும் உங்களுக்கு உண்டு, இதுதான் இந்த தொழில்ல இருக்கிற ஒரே லாட்டரி. பொருளை திருப்பி அனுப்பிட்டா கழிச்சுடுவாங்க. காசு கைக்கு வர மாசம் முடிஞ்சு கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆகும். டிடிஎஸ்னு வரிய முன்கூட்டியே புடிப்பாங்க, பான் குடுக்கலைன்னா 20% போயிடும், குடுத்திருந்தா புடிச்சது வருமான வரி வெப்சைட்ல உங்க கணக்குல தெரியும். இது வருமானம்தான், ரிட்டர்ன்ல காட்டணும், நூறு ரூபாதானேன்னு விடாதீங்க.

கணக்கு பாக்கும்போது பின்ட்ரஸ்ட்ல "இம்ப்ரெஷன்", அதாவது பின் எத்தனை தடவை கண்ணுல பட்டுச்சுங்கிறது, லட்சத்துல காட்டும், அதை பாத்து சந்தோஷப்படாதீங்க. அவுட்பவுண்ட் க்ளிக்க, அதாவது லிங்க்க அழுத்தி வெளிய போனவங்க கணக்க மட்டும் பாருங்க. சேவ் நிறைய, க்ளிக் கம்மின்னா படத்துலயே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க, உள்ள வர்றதுக்கு காரணம் இல்ல. க்ளிக் நிறைய, விற்பனை இல்லைன்னா பொருள் தப்பு, இல்ல விலை ஜாஸ்தி, இல்ல க்ளிக் வெளிநாட்டுல இருந்து வருது. மூணு மாசம் கழிச்சு எந்த அஞ்சு பின் ஓடுதுன்னு பாத்து அதே விஷயத்தை வேற படத்துல, வேற தலைப்புல திரும்ப போடுங்க.

இன்னொண்ணு. பேஜ் கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் மெசேஜ் வரும். "இந்த கோர்ஸ வாங்குங்க, அதையே நீங்களும் வித்து சம்பாதிக்கலாம்"னு ஒரு கூட்டம், அவங்களுக்கு வருமானமே கோர்ஸ் விக்கிறதுலதான். "பொருளுக்கு ரேட்டிங் போட்டா காசு, முதல்ல கொஞ்சம் டெபாசிட் பண்ணுங்க"ன்னு டெலிகிராம்ல ஒரு கூட்டம், இது முழு ஃபிராடு, முதல்ல நூறு இருநூறு குடுத்து நம்ப வச்சு அப்புறம் லட்சத்துல உருவுவாங்க. உண்மையான அஃபிலியேட் ப்ரோக்ராம் எதுவும் சேர்றதுக்கு உங்ககிட்ட காசு கேக்காது, ஓடிபியும் கேக்காது. கேட்டா ப்ளாக் பண்ணுங்க, காசு குடுத்து மாட்டிட்டீங்கன்னா வெக்கப்படாம உடனே 1930க்கு போன் போடுங்க, சைபர் க்ரைம் நம்பர் அது, சீக்கிரம் கூப்பிட்டாத்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கும்.